கள்ளமா, பயமா, வருத்தமா? தசை தளர மறுக்கும்போது

சாவகச்சேரிப் பக்கத்தில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார். மகனுக்கு 14 வயது. வகுப்பில் வாங்கை விட்டு எழும்பினால் முதல் நாலைந்து அடிக்குக் கால் விறைத்து நிற்கிறது, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி நடக்கிறான். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும்போது வெடிச்சத்தம் கேட்டதும் முகங்குப்புற விழுந்திருக்கிறான். கிணற்றில் தண்ணி அள்ளி வாளியை வைத்த பிறகும் கயிற்றைப் பிடித்த விரல்கள் உடனே விரிவதில்லை, மற்றக் கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறானாம். உடம்போ நல்ல கட்டுமஸ்தானது. அதனால் பள்ளிக்கூடத்தில் கள்ளம் என்கிறார்கள், வீட்டில் பயம் என்கிறார்கள், பக்கத்து வீட்டு ஆச்சி நூல் கட்டச் சொல்கிறா. "இது வாதமா, வலிப்பா, இல்லாட்டி நாங்கள் சொந்தத்துக்குள்ள கட்டினதால வந்ததா?" என்பது அவருடைய கேள்வி.

நான் இயன்மருத்துவர். வருத்தத்துக்குப் பெயர் சொல்லி மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் ஆட்கள் எப்படி எழும்புகிறார்கள், எப்படி முதல் அடி வைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே ஒரு மருத்துவப் புத்தகத்தில் போடலாம். சுருங்கிய தசை உடனே தளராமல் நிற்கும் மயோற்றோனியா என்ற நிலைமைக்கு இதைவிடத் தெளிவான விவரணம் கிடைக்காது. உறுதிப்படுத்த வேண்டியது நரம்பியல் டொக்டர். ஆனால் கள்ளம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். கள்ளம் போடுகிற பெடியன் ஓட்டப் போட்டியில்தான் விழுவான். கிணற்றடியில் ஒருவரும் பார்க்காத நேரத்தில் விரலைப் பிரித்துக்கொண்டு நிற்க மாட்டான்.

வலிப்பும் இல்லை என்றுதான் படுகிறது. விழும்போது அவனுக்கு நினைவு தப்பவில்லை, எழும்பி நடந்ததை முழுக்கச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாதம் என்றால் கை கால் இயங்காமல் போக வேண்டும். இவனுக்கு இயங்குகிறது, இயங்கியது நிற்பதில்தான் சிக்கல்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது விளங்காததால்தான் இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்கிறார்கள்.

சதை சுருங்குவதுதான் வேலை, தளர்வது சும்மா விட்டாலே நடக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் தளர்வதற்கும் சக்தி செலவாகிறது. நரம்பின் நுனியில் இருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளிவருகிறது. தசைநாரின் சவ்வில் ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. அது நாருக்குள் இறங்கும் மிக நுண்ணிய குழாய்கள் வழியாக உள்ளே போய், அங்கே பூட்டி வைத்திருக்கும் கல்சியத்தைத் திறந்துவிடுகிறது. கல்சியம் வந்ததும் மயோசின் இழைகள் அக்ரின் இழைகளைப் பிடித்து இழுக்கின்றன. பிடித்த பிடியை விடுவதற்கு ஏ.ரி.பி. என்ற சக்திப் பொருள் வேண்டும். கல்சியத்தைத் திரும்ப உள்ளே ஏற்றுவதற்கும் ஏ.ரி.பி. வேண்டும். செத்தவீட்டில் கெதியாக வாய்க்கட்டுக் கட்டுவதும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும் ஏன் என்று யோசித்துப் பாருங்கள். உயிர் போய்ச் சில மணித்தியாலத்தில், ஏ.ரி.பி. தீர்ந்ததும், பிடித்த இழைகள் விடாமல் நின்றுவிடுகின்றன. அதன் பிறகு வாயை மூட ஏலாது. பிள்ளையைப் பற்றிக் கேட்ட இடத்தில் இதைச் சொல்வதற்குக் குறை நினைக்க வேண்டாம். தளர்வது என்பது உயிருள்ள சதை செய்யும் ஒரு வேலை என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த சாட்சி இதுதான்.

உங்கள் மகனுக்குச் சக்தியில் குறை இருக்காது. மயோற்றோனியாவில் பழுது சவ்வில் இருக்கிறது. ஒவ்வொரு மின்துடிப்பின்போதும் நாருக்குள் இருந்து கொஞ்சம் பொற்றாசியம் வெளியே வருகிறது. அந்த நுண்குழாய்கள் மிக ஒடுங்கியவை என்பதால் பொற்றாசியம் அங்கேயே தேங்குகிறது. தேங்கினால் சவ்வு பதற்ற நிலைக்கு வந்து, நரம்பு கேட்காமலே தானாகத் துடிக்கப் பார்க்கும். அப்படி நடக்காமல் அடக்கி வைப்பது குளோரைட்டு. ஓய்வில் இருக்கும் தசைச் சவ்வின் மின்கடத்தலில் 70 முதல் 80 வீதம் குளோரைட்டினால்தான் நடக்கிறது. அது போய்வரும் வாசல் ஒரு புரதம். அந்தப் புரதத்துக்கான மரபணு 7ஆம் நிறமூர்த்தத்தில் (குறோமோசோமில்) இருக்கிறது. அதில் பிழை இருந்தால் வாசல் சரியாகத் திறக்காது. சுவிட்சை நிறுத்திய பிறகும் ஓடும் தண்ணீர் மோட்டர் மாதிரி, மூளை "விடு" என்ற பிறகும் தசை சில விநாடிகளுக்குத் தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். கயிறு அதுவரை கையில்தான்.

நரம்பில் பிழை இல்லை, தசையில்தான் பிழை என்று கண்டுபிடிக்க உதவியவை ஆடுகள். அமெரிக்காவில் ரெனிசி மாநிலத்தில் 1880களில் இருந்து ஒரு வகை ஆடு இருக்கிறது. திடுக்கிட்டால் நாலு காலும் விறைத்துப் பக்கவாட்டில் சரிந்துவிடும். யூரியூப்பில் இதைப் போட்டுச் சிரிக்கிறார்கள். மயங்கும் ஆடு என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அவை மயங்குவதே இல்லை, கண்ணை முழித்துக்கொண்டுதான் கிடக்கின்றன. 1939இல் பிரவுன், ஹார்வி என்ற இருவர் அந்த ஆடுகளுக்கு கியூராரே கொடுத்து நரம்பில் இருந்து தசைக்குப் போகும் செய்தியை முற்றாக மறித்துப் பார்த்தார்கள். தசையில் தட்டினால் அப்போதும் இறுகித்தான் நின்றது. பிறகு 1960களில் ஷேர்லி பிரையன்ற் என்பவரும் கூட்டாளிகளும் குளோரைட்டில்தான் குறை என்பதை அதே ஆட்டுத் தசையில் அளந்து காட்டினார்கள். 1992இல் மனிதருடைய மரபணுவும் பிடிபட்டது.

கள்ளம் என்ற பேச்சு உங்கள் பிள்ளைக்கு மட்டும் வந்ததில்லை. இந்த வருத்தத்தை 1876இல் முதன்முதல் விரிவாக எழுதியவர் யூலியஸ் தொம்சன். ஜேர்மனியின் வடக்குக் கரையில் இருந்த டொக்டர். அவருக்கே இது இருந்தது, அவருடைய குடும்பத்தில் பல தலைமுறைக்கு இருந்தது. அவர் அதைப் பகிரங்கமாக எழுதியதற்குக் காரணம், படைச்சேவையில் இருந்து தப்ப நடிக்கிறான் என்று அவருடைய மகன்மேல் பழி விழுந்ததுதான். அந்தக் குடும்பத்து வகைக்கு இன்றைக்கும் தொம்சன் நோய் என்றே பெயர். அது தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரக்கூடியது.

பிறகு பெக்கர் என்ற இன்னொரு ஜேர்மனியர் வேறொரு வகையைப் பிரித்துக் காட்டினார். அதே மரபணுதான். ஆனால் தாயிடம் இருந்து ஒன்று, தகப்பனிடம் இருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் இது வரும். உங்கள் மகனுடைய கதை இந்தப் பெக்கர் வகையோடு அதிகம் பொருந்துகிறது. பெரும்பாலும் 4 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் காலில் தொடங்கும், பிறகு கைக்கு வரும். ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடுமையாக இருக்கும். தொடை, கெண்டை எல்லாம் திரண்டு பயில்வான் மாதிரித் தெரியும், ஓயாமல் சுருங்கிச் சுருங்கியே சதை வளர்ந்திருக்கும். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. இருந்து எழும்பும்போது விறைப்போடு சேர்த்துச் சில கணங்களுக்குப் பலமே இல்லாமல் போகும். மேசையில் வைத்த புத்தகக் கட்டைத் தூக்கப் போய் கை சோர்ந்துவிட்டது என்று அவன் சொன்னால் நம்புங்கள்.

சொந்தத்துக்குள் கட்டியதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பழுதான ஒரு பிரதியோடு இருப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. நீங்களும் உங்கள் அவரும் மச்சான் மச்சாள் என்றால், ஒரே அப்புவிடமோ ஆச்சியிடமோ இருந்து அதே பிரதி இரண்டு பேருக்கும் வந்திருக்க வாய்ப்பு கூட. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் வருத்தம் வரும். ஆனால் சொந்தம் இல்லாத தாய் தகப்பனுக்கும் இப்படிப் பிள்ளை பிறக்கிறது. வீட்டில் இதை வைத்து ஒருவரை ஒருவர் குத்திக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. இந்தத் தகவலால் வரும் பயன் வேறு: தம்பிக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், அவளையும் காட்ட வேண்டும். தம்பி நாளைக்குக் கலியாணம் செய்யும்போது சொந்தத்துக்கு வெளியே செய்தால், அவனுடைய பிள்ளைகளுக்கு வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

ஏன் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடுகிறது? இந்த வகையின் முத்திரையே அதுதான். ஒரே அசைவைத் திருப்பித் திருப்பிச் செய்யச் செய்ய விறைப்பு குறையும். முதல் வாளியில் பிரியாத விரல் ஏழாம் எட்டாம் வாளியில் தாராளமாகப் பிரியும். வீட்டிலேயே பார்க்கலாம். கையை ஒரு பத்து எண்ணும் வரைக்கும் இறுக்கிப் பொத்திவிட்டுச் சட்டென்று விரிக்கச் சொல்லுங்கள். பெருவிரலும் மற்ற விரல்களும் மெல்ல மெல்ல, மடங்கியபடியே விரிந்தால் அதைக் கவனியுங்கள். கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொன்னால் இமை ஒட்டியது போல நிற்கலாம். டொக்டர் சின்னச் சுத்தியலால் பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைமேட்டில் தட்டுவார். பெருவிரல் தானாக உள்ளே மடங்கி, பிறகு நேரமெடுத்துத் திரும்பும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஆனால் இதே விறைப்போடு வரும் இன்னொரு வருத்தம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் நான் பயந்து பயந்து தேடுவது அதைத்தான். மயோற்றோனிக் டிஸ்ற்றோபி. 1909இல் ஸ்ரைனேட் என்பவர் விவரித்தது. மரபணு 19ஆம் நிறமூர்த்தத்தில். இதில் சதை திரள்வதில்லை, மெலிகிறது. முகம் ஒடுங்கி, நெற்றிப்பொட்டு குழி விழுந்து, கண்ணிமை சரிந்து, ஆண்களுக்கு முன்வழுக்கை விழுந்திருக்கும். இளவயதிலேயே கண்ணில் புரை வரும். பகலில் கண்டபாட்டுக்குத் தூக்கம் வரும். விழுங்குவது கடினமாகும், சீனி வருத்தம் சேரும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் இதயத்தின் மின்னோட்டம் மறிபடுவது. நன்றாக இருந்தவர் திடீரென்று விழுந்து இறக்கக் காரணம் அதுதான். இந்த மரபணுவில் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சாதாரண ஆட்களுக்கு 5இல் இருந்து 35 தடவைக்கு உட்பட்டு இருக்கும், 50ஐத் தாண்டினால் வருத்தம். தலைமுறைக்குத் தலைமுறை அந்த எண்ணிக்கை கூடும். அம்மம்மாவுக்குக் கண்புரை மட்டும், தாய்க்குக் கை பிடிப்பு, பேரப்பிள்ளை பிறக்கும்போதே சோர்ந்து, பால் குடிக்க ஏலாமல். எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் போன பிள்ளைகள் அப்படித்தான் பிறக்கிறார்கள்.

உங்கள் மகனுடைய திரண்ட உடம்பைப் பார்த்தால் இது என்று தோன்றவில்லை. ஆனாலும் குடும்பத்தில் விசாரியுங்கள். இளவயதில் புரை வெட்டினவர்கள், காரணம் தெரியாமல் திடீரென்று போனவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் டொக்டருக்குச் சொல்லுங்கள். எப்படியும் ஒரு ஈசிஜி எடுப்பார்கள். பிறவி மயோற்றோனியா, அதாவது தொம்சன் அல்லது பெக்கர் வகை, என்று உறுதியானால் ஆயுளுக்கு ஆபத்து இல்லை, அது தொல்லை தரும் வருத்தம் மட்டும். ஸ்ரைனேட் வகை என்றால் வருடாவருடம் ஈசிஜி பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் "சதை வருத்தம்" என்று ஒரே பெயரில் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரில் மட்டும் வரும் விறைப்பு சோடியம் வாசலில் உள்ள பிழை. கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் சொந்தத்தில் யாருக்காவது பனிக்காலத்தில் முகம் இறுகி வாய் குழறினால், அல்லது இங்கே வந்து நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடிக்க நாக்கு விறைத்தால் அதை யோசிக்கலாம். அது அசைய அசையக் கூடும், குறையாது. தைரொயிட் குறைந்தாலும் தசை மெதுவாகத்தான் தளரும். அதற்கு ஒரு இரத்தச் சோதனை போதும், அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

உறுதிப்படுத்தும் சோதனை ஈஎம்ஜி. மெல்லிய ஊசியைத் தசையில் வைத்து, அங்கே ஓடும் மின்துடிப்பைச் சத்தமாக மாற்றிக் கேட்பது. மயோற்றோனியாவில் துடிப்புகள் ஏறி இறங்கும், சத்தமும் ஏறி இறங்கும். குண்டு போடப் பதிந்து வரும் விமானத்தின் இரைச்சல் என்று வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் எழுதியிருக்கிறது. அதை விளங்க மற்ற நாட்டு மாணவர்களுக்கு ஒலிப்பதிவு தேவை. என் வயதில் யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்குத் தேவையில்லை. அச்சொட்டாகப் பொம்மர் பதியும் சத்தம். தம்பிக்குப் பழக்கமில்லாததால் பயமிருக்காது. கூடப் போவது அப்பு என்றால் அவரை வெளியே இருத்திவிடுங்கள்.

மருந்து எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டால் மெக்சிலெற்றின் என்ற குளிசை இருக்கிறது. இதயத் துடிப்பைச் சீராக்க உருவாக்கிய மருந்து. பல் பிடுங்கும்போது போடும் விறைப்பூசியின் உறவுக்காரன். சோடியம் வாசல்களைக் கொஞ்சம் மறித்துத் தானாகத் துடிப்பதைக் குறைக்கிறது. 59 பேரில், 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. விறைப்பு தெளிவாகக் குறைந்தது, வயிற்றுக் குழப்பம்தான் பெரிய முறைப்பாடு. இதயத்தைச் சோதிக்காமல் இதைத் தொடங்கக் கூடாது என்பதால் பாமசியில் கேட்டு வாங்கிப் பார்க்கும் விஷயம் இல்லை. காபமசெப்பைன், பெனிற்றோயின் போன்ற வலிப்பு மருந்துகளும் சிலருக்குக் கொடுப்பதுண்டு. யாராவது அந்தக் குளிசையைப் பார்த்து "வலிப்புத்தானே" என்று சொன்னால் குழம்ப வேண்டாம்.

எண்ணெய் பூசித் தேய்ப்பதில் தீங்கில்லை, உடம்புக்குச் சுகமாக இருக்கும், குளோரைட்டு வாசலைத் திறக்காது. நூல் கட்டுவதும் உங்கள் விருப்பம், கிளினிக் திகதி தவறாமல் இருந்தால் சரி. சதை பிடித்தால் பொற்றாசியம் நல்லது என்று சிலர் குளிசை சொல்லித் தருவார்கள், அதை மட்டும் தொட வேண்டாம். சில வகை மயோற்றோனியாவில் விறைப்பைக் கூட்டுவதே பொற்றாசியம்தான். சாப்பாட்டில் வரும் வாழைப்பழம், இளநீர் பற்றி டொக்டர் வேறு சொன்னால் ஒழிய யோசிக்க வேண்டாம்.

ஆபத்து என்று நான் எழுதி ஒட்டச் சொல்வது மயக்க மருந்து. அப்பென்டிசைற் வந்து இரவோடிரவாக வெட்ட வேண்டி வரலாம். சக்சமெத்தோனியம் என்ற ஊசி மற்றவர்களுக்குத் தசையைத் தளர்த்தும். இவனுக்குத் தாடை இறுகிப் பூட்டிக்கொள்ளும், மூச்சுக்குழாயில் குழாய் விட ஏலாமல் போகலாம். மயக்க மருந்து டொக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து இருக்கிறது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதுவியுங்கள், ஒரு பிரதி அவனுடைய பேர்சிலும் இருக்கட்டும்.

இரண்டாவது ஆபத்து தண்ணீர். கீரிமலைக் கேணியில் பெடியள் மேலே இருந்து குதிப்பார்கள். இவன் குதித்தால், சட்டென்ற அசைவும் குளிரும் சேர்ந்து உள்ளே கை கால் பூட்டலாம். நீந்த வேண்டாம் என்று சொல்லவில்லை. படியால் இறங்கி, கை கால் அசைத்துப் பழகி, பக்கத்தில் ஆள் இருக்க நீந்தட்டும். மினிபஸ்ஸில் ஓடி ஏறுவதும், நிற்பதற்கு முன்னே இறங்குவதும் வேண்டாம்.

விளையாட்டை நிறுத்தாதீர்கள். நூறு மீற்றர் இவனுக்குரியதல்ல. திடுக்கிடுவதும், இருந்த நிலையில் இருந்து பாய்வதும் இரண்டும் அதில் இருக்கின்றன. நீண்டதூர ஓட்டம், சைக்கிள் என்று உடம்பு சூடேறிய பிறகு தொடரும் எதையும் செய்யலாம். விளையாட்டு ஆசிரியருக்கு டொக்டரின் கடிதம் ஒன்று கொடுங்கள், தொம்சனுடைய மகனுடைய கதையையும் வேண்டுமானால் சொல்லுங்கள். வகுப்பில் வாத்தியார் வரும்போது எல்லோரோடும் சேர்ந்து எழும்ப அரை நிமிடம் பிந்தும். எழும்ப முதல் மேசைக்குக் கீழே காலை நாலைந்து தரம் நீட்டி மடக்கச் சொல்லிக் கொடுங்கள், பாதிச் சங்கடம் அதிலேயே போய்விடும்.

இனிப் போக வேண்டிய வழி. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டி, யாழ் போதனா வைத்தியசாலை நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். மரபணுச் சோதனை தேவை என்றால் கொழும்பு மருத்துவ பீடத்தின் மரபணுவியல் பிரிவில் விசாரிக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பஸ் நிலையத்தில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்து, படியேறிப் போய் நின்றால் அவனுடைய தசை எல்லாம் சூடாகி, டொக்டர் பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது. "நல்லாத்தானே இருக்கிறான்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அறைக்குள் போக முதல் கால்மணித்தியாலமாவது வாங்கில் அசையாமல் இருக்கட்டும், கையையும் பொத்தி விரிக்காமல் இருக்கட்டும். பெயர் கூப்பிட்டதும் நேரே எழும்பி வரட்டும், டொக்டர் அந்த முதல் அடியைப் பார்க்கட்டும். அதோடு காலமை கிணற்றடியில் கயிறு விடுவதை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், முதல் வாளியையே எடுங்கள். தங்கச்சியையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனால் இன்னொரு நாள் மினக்கெடத் தேவையில்லை.